திரையை இழுக்கும் கிழவர் யார் பக்கம்?

கேள்வி இது: "மறுமலர்ச்சிக் கால ஓவியங்களில் சிறகும் அரிவாளும் மணற்கடிகாரமுமாக ஒரு கிழவர் அடிக்கடி வருகிறாரே, காலத்தை ஏன் அப்படி வரைந்தார்கள்? வரலாற்றுக்கும் இப்படி ஓர் உருவம் இருந்ததா? ப்ரோன்ஸினோவின் வீனஸ் படத்தில் அந்தக் கிழவர் திரையைத் திறக்கிறாரா, மூடுகிறாரா?"

திறக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன். காரணம் சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும், ஏனென்றால் அந்தக் கிழவரே ஒரு பெயர்க் குழப்பத்தில் பிறந்தவர்.

பழைய கிரேக்கர்களும் ரோமானியர்களும் காலத்தைக் கிழவனாக வரையவில்லை. அவர்களிடம் இருந்தது கைரோஸ், அதாவது கைகூடும் தருணம். காலில் சிறகு முளைத்த இளைஞன். முன்நெற்றியில் கொத்தாக முடி, பின்னந்தலை வழுக்கை. எதிரே வரும்போது பிடித்தால் கையில் முடி சிக்கும். கடந்து போனபின் கை நீட்டினால் வழுக்கைதான். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் லிசிப்போஸ் என்ற சிற்பி இவனை வெண்கலத்தில் வார்த்ததாகச் சொல்வார்கள். இன்னொன்று ஐயோன், முடிவில்லாத காலம்; பாம்பு சுற்றிய உடலோடு நிற்கும் சில உருவங்களை அறிஞர்கள் அப்படி அடையாளம் காண்கிறார்கள். இரண்டு பேரிடமும் ஊன்றுகோலில்லை, அரிவாளில்லை, தாடியும் தள்ளாட்டமும் இல்லை.

சரி, கிழவர் எங்கிருந்து வந்தார்? கிரேக்கத்தில் காலத்துக்குச் சொல் க்ரோனோஸ். பெற்ற பிள்ளைகளையே விழுங்கிய கடவுளின் பெயரும் க்ரோனோஸ். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகவே நிற்கும். கிரேக்கத்தில் முதலெழுத்து மட்டும் வேறு. அந்தக் காலத்திலேயே ஆட்கள் இரண்டையும் சேர்த்துக் குழப்பி, அந்தக் குழப்பத்துக்குத் தத்துவமும் எழுதிவிட்டார்கள்: பெற்றதையெல்லாம் தின்பது காலம்தானே! புளூட்டார்க் இதைச் சொல்கிறார். சிசரோ லத்தீன் பெயரான சாட்டர்னுக்கே 'ஆண்டுகளைத் தின்று நிறைந்தவர்' என்று பொருள் பிரித்துக் காட்டுகிறார். நமக்கு இது புரியச் சிரமமே இல்லை. காலம் என்ற சொல்லுக்கு ஓர் எழுத்துத் தள்ளித்தானே காலன் நிற்கிறான்.

அரிவாள் அந்தக் கடவுளுடையது. தன் தகப்பனான வானத்தை ஆண்மையறுத்த ஆயுதம், அறுவடைக் கருவியும்கூட. ஊன்றுகோல் அவரது கிரகத்திடமிருந்து வந்தது. சாட்டர்ன் என்றால் சனி. ஒரு சுற்று வர 29 ஆண்டுக்கு மேல் ஆகும் கிரகம்; வெறுங்கண்ணுக்குத் தெரிந்த கிரகங்களில் அதுதான் மந்தம். நம் ஜோதிடத்தில் சனிக்கு மந்தன் என்றே பெயர், கால் ஊனமானவர் என்று கதையும் உண்டு. ஐரோப்பிய ஜோதிடத்திலும் அப்படித்தான்: கிழவர், நொண்டி, பிச்சைக்காரர், கைதிகள் ஆகியோருக்கு அதிபதி. மணற்கடிகாரம் எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டது. அந்தக் கருவியே ஐரோப்பிய ஓவியங்களில் 14-ஆம் நூற்றாண்டில்தான் தலைகாட்டுகிறது. சியன்னா நகரமன்றச் சுவரில் அம்ப்ரோஜியோ லோரென்ஸெத்தி வரைந்த நல்லாட்சி ஓவியத்தில் நிதானம் என்ற பெண்ணின் கையில் இருப்பது மிகப் பழைய உதாரணங்களில் ஒன்று. கவனியுங்கள், அங்கே அது சாவின் அடையாளமாக இல்லை. அளவறிந்து நடப்பதன் அடையாளம். கிழவர் கைக்குப் போனபின்தான் அதற்குப் பயமுறுத்தும் குணம் வந்தது.

இந்தப் பாகங்களையெல்லாம் ஒரே உடம்பில் பூட்டிய இடம் எது என்பதை எர்வின் பானோஃப்ஸ்கி என்ற கலை வரலாற்று அறிஞர் 1939-இல் விரிவாகக் காட்டினார். 14-ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் எழுதிய 'வெற்றி ஊர்வலங்கள்' என்ற நெடுங்கவிதை. அதில் ஆறு ஊர்வலங்கள்: காதலைக் கற்பு வெல்கிறது, கற்பைச் சாவு, சாவைப் புகழ், புகழைக் காலம், காலத்தை நித்தியம். வேடிக்கை என்னவென்றால், பெட்ரார்க்கின் வரிகளில் கிழவரே கிடையாது. அங்கே காலம் என்பது சூரியன். புகழ்மீது பொறாமைப்பட்டுத் தன் ஓட்டத்தை வேகமாக்குகிற சூரியன். அதை எப்படிப் படமாக வரைவது? 15-ஆம் நூற்றாண்டில் அந்தக் கவிதைக்குப் படம் போட்டவர்கள் கையில் தயாராக இருந்தது சனியின் உருவம். அதற்குச் சிறகு வைத்தார்கள், தேரில் ஏற்றினார்கள், வேகத்துக்காக மான்களைப் பூட்டினார்கள். கவிஞர் சொல்லாமல் விட்டதைப் படக்காரர்கள் இட்டு நிரப்ப, அதுவே நிலைத்துவிட்டது.

இந்த ஊர்வலங்கள் புத்தகத்தோடு நிற்கவில்லை. கல்யாணச் சீர்ப்பெட்டியிலும் பிள்ளை பெற்றவளுக்குப் பலகாரம் ஏந்திப்போகும் வட்டத் தட்டிலும் ஏறின. 1449-இல் பிளாரன்ஸை ஆண்ட குடும்பத்தில் லோரென்ஸோ தெ மெதிச்சி பிறந்தபோது செய்த தட்டு இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓவியர் மசாச்சியோவின் தம்பி ஸ்கெஜ்ஜா வரைந்தது. நடுவில் புகழ் என்ற பெண் உலக உருண்டைமேல் நிற்கிறாள், சுற்றிலும் குதிரை வீரர்கள் கை உயர்த்தி வணங்குகிறார்கள். பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு இப்படி ஒரு படம்! அந்த லோரென்ஸோ 1492-இல் சாகும்வரை தட்டு அவரது அறையில் தொங்கியது. குடும்பம் அவருக்காக முன்கூட்டியே எழுதிவைத்த வரலாறு என்றே அதைச் சொல்லலாம்.

இந்தத் தொட்டில் தட்டுதான் என்னை ஒரு பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. காலமோ புகழோ வரலாறோ ஆளாகி ஒரு படத்தில் நின்றால், இது என்ன தத்துவம் என்று நான் முதலில் கேட்பதில்லை. இவரைக் கூட்டிவந்தது யார், யார் பக்கம் சாட்சி சொல்ல வந்திருக்கிறார் என்றுதான் கேட்பேன். பெரும்பாலான படங்களில் பதில் கிடைக்கும்.

கிழவர் யாருக்கும் வேலை பார்க்காமல் தன் வேலையை மட்டும் பார்க்கும் படங்களும் இல்லாமல் இல்லை. பீட்டர் ப்ரூகலின் வரைபடத்தை வைத்து 1574-இல் ஃபிலிப் காலே வெளியிட்ட அச்சுப்படம் ஒன்று. காலம் வண்டியில் உட்கார்ந்து ஒரு பிள்ளையைக் கடித்துத் தின்கிறார். கையில் தன் வாலைத் தானே கவ்விய பாம்பு. சூரியனும் சந்திரனும் தாங்கிய இரண்டு குதிரைகள் இழுக்கின்றன. சக்கரத்தடியில் புத்தகமும் இசைக்கருவியும் தொழிற்கருவிகளும் நொறுங்குகின்றன. பின்னால் மெலிந்த குதிரையில் சாவு. அதற்கும் பின்னால் யானைமேல் புகழ், எக்காளம் ஊதிக்கொண்டு வருகிறது. பெட்ரார்க் ஊர்வலப் படங்களில் புகழுக்கு யானை பூட்டுவது வழக்கம். ஆனால் ப்ரூகலின் யானை கடைசியில் வருவதைப் பார்த்தால், எல்லாம் நசுங்கி முடிந்தபின் வந்து யாருக்காக ஊதுகிறது என்று எனக்குத் தோன்றும்.

இப்போது ப்ரோன்ஸினோ. லண்டன் தேசியக் காட்சியகத்தில் இருக்கும் இந்தப் படம் சுமார் 1545-இல் பிளாரன்ஸில் வரையப்பட்டது. மெதிச்சி அரண்மனை ஓவியர் அவர். படம் பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சிஸுக்குப் போனது என்று, அக்கால ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய வஸாரி குறிப்பிடுகிறார். முன்னால் பளிங்குபோல் வீனஸும் அவள் மகன் கியூப்பிடும் தாய்–மகன் உறவுக்குச் சற்றும் பொருந்தாத முத்தத்தில். வலப்பக்கம் ரோஜா இதழ்களை எறியக் கையோங்கும் குட்டிப் பையன். காலில் சலங்கை, அதே சமயம் பாதத்தில் முள் ஏறியிருக்கிறது, அவன் முகத்திலோ அதன் சுவடே இல்லை. அவனுக்குப் பின்னால் அழகான முகமுடைய பெண் ஒரு கையில் தேனடை நீட்டுகிறாள், மறு கையில் கொடுக்கை வைத்திருக்கிறாள். உற்றுப் பார்த்தால் அவள் வலக்கை இருக்க வேண்டிய இடத்தில் இடக்கை, இடக்கை இடத்தில் வலக்கை. உடம்பு செதில் மூடிய பாம்பு, கீழே சிங்கத்தின் கால். வஞ்சகத்தை இதைவிடத் துல்லியமாக யாரும் வரைந்ததாக எனக்குத் தெரியவில்லை. இடப்பக்கம் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு கதறும் உருவம், பொறாமை என்பார்கள். அக்காலத்தில் புதிதாகப் பரவிய மேகநோயின் உருவம் என்று வாதிடுபவர்களும் உண்டு.

மேலே, நீலத் திரை. வலப்பக்கம் தோளில் மணற்கடிகாரம் சுமந்து, திரண்ட புஜத்தை நீட்டித் திரையைப் பிடித்திருக்கிறார் நம் கிழவர். இடப்பக்க மூலையில் இன்னொருவர் அதே திரையைப் பற்றியிருக்கிறார். வஸாரியின் விவரிப்பில் வீனஸ், கியூப்பிட், இன்பம், விளையாட்டு, வஞ்சகம், பொறாமை எல்லாம் இருக்கின்றன. காலம் மட்டும் இல்லை! படத்தையே ஒரு விரிப்புபோல் இழுத்துப் பிடித்திருக்கும் ஆளை எப்படி மறந்தார் என்று நானும் பலமுறை யோசித்திருக்கிறேன். நினைவிலிருந்து எழுதியிருக்கலாம். அல்லது, அரசனுக்குப் போன பரிசைப் பற்றி எழுதும்போது அதன் கசப்பான பாதியை விட்டுவிடுவது நாகரிகம் என்று நினைத்திருக்கலாம்.

திறக்கிறாரா மூடுகிறாரா என்ற வழக்கு அந்த இடப்பக்க மூலை உருவத்தில்தான் தீரும். பானோஃப்ஸ்கி அவளை உண்மை என்றார். காலமும் உண்மையும் சேர்ந்து காமத்தின் கேட்டை வெளிப்படுத்துகிறார்கள் என்பது அவர் வாசிப்பு. பின்னால் வந்தவர்கள் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள்: அந்த உருவத்துக்குப் பின்மண்டையே இல்லை, முகம் வெறும் முகமூடிபோல் வெட்டுண்டு நிற்கிறது. மூளையின் பின்னறையில்தான் நினைவு தங்குகிறது என்பது அக்கால மருத்துவ நம்பிக்கை. பின்மண்டை இல்லாதவள் என்றால் மறதி. அப்படியானால் அவள் மூடப் பார்க்கிறாள், காலம் அவள் கையிலிருந்து திரையைப் பறிக்கிறார். எனக்கு இந்த வாசிப்புதான் சரியாகப் படுகிறது, கிழவரின் கை முறுக்கேறி இருப்பதற்கும் அவள் வாய் திறந்து பதறுவதற்கும் அதுவே பொருந்துகிறது. முத்தத்தின்போது தெரியாத முள், கொடுக்கு, கதறல் எல்லாம் நாளாக ஆகத் தெரியவரும். மறதி அதைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்.

இதற்குப் பின்னால் ஒரு பழமொழி இருக்கிறது: உண்மை காலத்தின் மகள். 2-ஆம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் ஆவுலஸ் கெல்லியஸ் எழுதிய குறிப்பில் வருகிறது. யாரோ ஒரு பழைய கவிஞர் சொன்னது, பெயர் நினைவில்லை என்கிறார் அவர். உண்மையைத் தன் மகள் என்று சொல்லிக்கொண்ட காலம், தன் பெற்றோரின் பெயரை மறந்த ஒரு வரியாகவே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வெனிஸ் அச்சகத்தார் மார்க்கோலினி தம் புத்தகங்களின் முத்திரையாகவே இதை வைத்துக்கொண்டார்: சிறகுக் கிழவர் ஆடையற்ற உண்மையைக் கைப்பிடித்து மேலே தூக்குவார்.

ஆனால் இந்தப் பழமொழி யாருக்கு வேண்டுமானாலும் சாட்சி சொல்லும். இங்கிலாந்தில் கத்தோலிக்க அரசி மேரி 1553-இல் பட்டத்துக்கு வந்ததும் அதைத் தன் முழக்கமாக்கிக் காசில் பொறித்தார். பொருள்: சீர்திருத்தக்காரர்களின் பொய் போனது, காலம் எங்கள் உண்மையை வெளியே கொண்டுவந்தது. ஆறாண்டு முழுதாக ஆகவில்லை. 1559 ஜனவரி 14, மேரியின் தங்கை எலிசபெத் முடிசூட்டுக்கு முந்தைய நாள் லண்டன் தெருவில் ஊர்வலம் போகிறார். வழியில் ஒரு மேடை. குகையிலிருந்து கிழவரான காலம் தன் மகள் உண்மையைக் கைப்பிடித்து அழைத்து வருகிறார், அவள் கையில் ஆங்கில வேதாகமம். அதே கிழவர், அதே மகள், நேர் எதிர்க்கட்சி. காலமே தன்னை இங்கே கொண்டுவந்தது என்று எலிசபெத் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. நீதிமன்றத்தில் இப்படி இரண்டு தரப்புக்கும் வந்து நிற்கும் சாட்சியை வக்கீல்கள் சும்மா விடமாட்டார்கள்.

வரலாற்றுக்கு உருவம் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. செஸாரே ரிப்பா 1593-இல் வெளியிட்ட உருவக அகராதியில் செய்முறைபோலவே எழுதியிருக்கிறார்: சிறகுள்ள பெண், வெள்ளை உடை, முகம் பின்னோக்கித் திரும்பியிருக்க வேண்டும், ஒரு கால் சதுரக் கல்மேல். அவள் எழுதும் புத்தகத்தைச் சனி தன் தோளில் தாங்குவார். அதாவது தின்கிற கிழவர் இங்கே எழுதுமேசையாகிவிட்டார். சதுரக் கல் என்பது அசையாத உறுதி. அதற்கு முன்பே, சுமார் 1500-இல், மாந்துவாவில் ஓவியர் மாந்தெஞாவின் வழிவந்தவர்கள் வரைந்த ஒரு சுவரோவியத்தில் வாய்ப்பு என்ற பெண் உருளும் பந்தின்மேல் நிற்கிறாள், முடி முகத்தில் விழுந்து மறைக்கிறது. அவளைப் பிடிக்கப் பாயும் இளைஞனைச் சதுரக்கல்மேல் நிற்கும் இன்னொரு பெண் தடுக்கிறாள். பந்து எதிர் கல், ஓடுவது எதிர் நிற்பது. ரிப்பாவின் வரலாறு அந்தக் கல்லில் கால் ஊன்றிக்கொண்டாள். அகராதியைப் பார்த்து இப்படி வரைந்த வரலாற்றுப் பெண்கள் பிற்பாடு நிறைய. 1772-இல்கூட ஓவியர் மெங்ஸ் வாட்டிகன் கூரையில் ஒருத்தியைக் காலத்தின் முதுகில் எழுதவைத்தார். எனக்கு அவர்கள்மேல் பெரிய ஈடுபாடில்லை. குறிப்பைப் படித்துக் கட்டிய உருவம் என்பது தெரிந்துவிடும்.

மறுமலர்ச்சிக்காரர்கள் வரலாற்றை உருவகமாக்கியது வேறு வழியில், அது இதைவிடத் தந்திரமானது. நடந்த நிகழ்ச்சியையே இன்றைய நிகழ்ச்சிக்கு உருவகமாக்குவது. வாட்டிகனில் ரஃபேல் வரைந்த அட்டிலா ஓவியம் இதற்குப் பாடமாக வைக்க வேண்டியது. கி.பி. 452-இல் ஹூண மன்னன் அட்டிலாவைப் போப் முதலாம் லியோ வட இத்தாலியில் மாந்துவா பக்கம் சந்தித்துத் திருப்பி அனுப்பினார். ரஃபேல் இடத்தை ரோமின் வாசலுக்கு மாற்றினார், பின்னால் கொலோசியம் தெரிகிறது. வானத்தில் பேதுருவும் பவுலும் வாளோடு. வேலை போப் இரண்டாம் ஜூலியஸ் காலத்தில் திட்டமிடப்பட்டது. 1513 பிப்ரவரியில் அவர் இறந்தார், மெதிச்சி குடும்பத்து ஜொவான்னி பத்தாம் லியோ என்ற பெயரில் பதவிக்கு வந்தார். அந்தப் பிள்ளைபேற்றுத் தட்டுக்குச் சொந்தக்காரரான லோரென்ஸோவின் மகன்தான் இவர். பழைய லியோவின் முகம் இப்போது புதிய லியோவின் முகமானது. கூத்து இதோடு முடியவில்லை: படத்தின் பரிவாரத்தில் ஒரு கர்தினாலாக அவரை ஏற்கெனவே வரைந்தாகிவிட்டது. ஆக ஒரே சுவரில் அவர் இரண்டு தடவை, கர்தினாலாகவும் போப்பாகவும் குதிரை ஏறி வருகிறார். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய காட்டுமிராண்டிகள் என்றால் யார் என்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இத்தாலிக்குள் படையோடு வந்து போய்க்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரர்கள்.

ஓவியர்களுக்குப் பழங்காலம் வேறு, நம் காலம் வேறு என்ற வித்தியாசம் தெரியாமல் இப்படிச் செய்தார்கள் என்று நினைக்க வேண்டாம். மாந்தெஞா 'சீசரின் வெற்றி ஊர்வலம்' என்று ஒன்பது பெரிய துணிகளில் வரைந்தபோது கவசம், கொடி, பாத்திரம் ஒவ்வொன்றையும் பழைய சிற்பங்களையும் நாணயங்களையும் பார்த்துத் தேடித்தேடிப் போட்டார். அவை இப்போது லண்டன் பக்கம் ஹாம்ப்டன் கோர்ட்டில் இருக்கின்றன. தெரிந்தும் கலப்பது வேறு, தெரியாமல் கலப்பது வேறு.

தெரிந்து கலந்ததில் உச்சம் ஆல்ப்ரெக்ட் ஆல்ட்டோர்ஃபர் 1529-இல் பவேரியக் கோமகன் நான்காம் வில்லியத்துக்காக வரைந்த அலெக்சாந்தர் போர். மியூனிக்கில் பழைய பினாகோதெக்கில் இருக்கிறது. உயரம் 158 சென்டிமீட்டர், அகலம் 120. அதற்குள் எறும்புப் புற்றுபோல் ஆயிரக்கணக்கான வீரர்கள். கி.மு. 333-இல் நடந்த இஸ்ஸஸ் போர். ஆனால் அலெக்சாந்தரின் ஆட்கள் ஆல்ட்டோர்ஃபர் காலத்து ஜெர்மன் கவசத்தில் இருக்கிறார்கள், பாரசீகர்கள் தலையில் துருக்கித் தலைப்பாகை. மேலே ஒரு பலகை அந்தரத்தில் தொங்குகிறது. ஒரு பக்கம் சூரியன் சாய்கிறது, மறுபக்கம் பிறை. மலைக்கு அப்பால் கடல், சைப்ரஸ் தீவு, நைல் கழிமுகம்வரை வானத்திலிருந்து பார்ப்பதுபோல் விரிகிறது. அதே 1529-இல்தான் உதுமானியப் படை வியன்னாவை முற்றுகையிட்டது. படத்துக்கான வேலை 1528-இலேயே கிடைத்துவிட்டது, இதற்காக ரேகன்ஸ்பூர்க் நகரத் தலைவர் பதவியைக்கூட ஆல்ட்டோர்ஃபர் வேண்டாம் என்றார். ஆகவே முற்றுகையைப் பார்த்து வரைந்தார் என்று சொல்பவர்கள் அவசரப்படுகிறார்கள். 1526-இல் மொஹாச்சில் ஹங்கேரி தோற்றதிலிருந்தே அந்தப் பயம் இருந்தது.

ஜெர்மன் வரலாற்றாசிரியர் கொஸெலெக் இந்தப் படத்தில் ஒன்றைக் கவனித்தார். கொடிகளில் இத்தனை பேர் போரிட்டார்கள், இத்தனை பேர் செத்தார்கள் என்று எண் போட்ட ஓவியர், ஆண்டை மட்டும் எங்கும் எழுதவில்லை. கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஆண்டு போட்டால் போர் முடிந்துபோனதாகிவிடும். போடாவிட்டால் அது எப்போதும் நடந்துகொண்டிருக்கும், கோமகன் பார்க்கும்போதெல்லாம் மேற்கு வெல்லும், கிழக்கு தேர் ஏறி ஓடும். இன்னொரு சாட்சி, இன்னொரு தரப்பு. 1800-இல் பிரெஞ்சுப் படை இதை மியூனிக்கிலிருந்து தூக்கிக்கொண்டு போனது; நெப்போலியன் தன் குளியலறையில் மாட்டியிருந்தார் என்று சொல்வார்கள். தன்னை அலெக்சாந்தர் பக்கம்தான் எண்ணியிருப்பார், சந்தேகமில்லை.

அப்புறம், கிழவர் இல்லாமலே காலத்தை வரைந்த ஒரு மண்டபத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. வட இத்தாலியில் ஃபெராரா நகரத்தில் ஸ்கிஃபனோயா மாளிகை. பெயருக்கே 'சலிப்பை விரட்டு' என்று பொருள். அரசகுலம் பொழுதுபோக்கக் கட்டியது. 1469–70-இல் ஃபெராராவை ஆண்ட போர்ஸோ டெஸ்தே அதன் பெரிய அறையின் சுவர்களில் 12 மாதங்களை வரையச் செய்தார். ஒவ்வொரு மாதமும் மூன்று அடுக்கு. மேலே அந்த மாதத்துக் கடவுள் தேரில். கீழே போர்ஸோ வேட்டையாடுகிறார், நீதி வழங்குகிறார், கோமாளிக்குக் காசு கொடுக்கிறார். நடுவில் கருநீலப் பட்டை. அதில் ராசியும் கூடவே மூன்று விசித்திர மனிதர்களும். இந்த மூவர் யார் என்று நீண்ட நாள் யாருக்கும் தெரியவில்லை. மார்ச் மாதத்தில், மேஷ ராசியின் பட்டையில், கிழிந்த வெள்ளை உடையும் இடுப்பில் கயிறுமாகச் சிவந்த கண்ணோடு ஒரு கறுத்த மனிதன் நிற்கிறான்.

1912 அக்டோபரில் ரோமில் நடந்த கலை வரலாற்று மாநாட்டில் ஜெர்மன் அறிஞர் ஆபி வார்பர்க் விடையைச் சொன்னார். அவன் மேஷத்தின் முதல் திரேக்காணம். ராசியின் 30 பாகையை மூன்றாகப் பிரித்தால் வரும் பத்துப் பத்துப் பாகைதான் திரேக்காணம், நம் ஜோதிடர்கள் இன்றும் போடும் கணக்கு. 6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் இந்த 36 பிரிவுக்கும் உருவம் எழுதிவைத்தார்: முதலாவது, இடையில் வெள்ளைத் துணி, கரிய நிறம், சிவந்த கண், உயர்த்திய கோடரி. அதை 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் ஜோதிடர் அபூ மஷர் 'இந்தியர்கள் சொல்வது' என்று அரபியில் எடுத்தெழுத, லத்தீனுக்குப் போய், ஃபெராராவின் அரசவை அறிஞர் கைக்கு வந்து, சுவரில் ஏறியது. வழியில் கோடரி மட்டும் காணாமல் போயிற்று. இதை இந்தியப் பெருமையாக எடுத்துக்கொள்ளலாம் என்று அவசரப்படாதீர்கள், திரேக்காணம் என்ற சொல்லே கிரேக்க 'தெகானோஸ்'. கோடரிக்காரன் ஆதியில் கிரேக்க வீரன் பெர்சியூஸ் என்றும், கிழக்கே போய் உடை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தான் என்றும் வார்பர்க் வாதிட்டார். காலத்துக்குள் உருவங்கள் எப்படி ஊர் சுற்றுகின்றன என்பதற்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது.

அந்த மண்டபத்தில் சாட்சி யாருக்கு என்பதைப் பார்க்கக் கீழடுக்கைப் பார்த்தால் போதும். மாதம் மாறுகிறது, கடவுள் மாறுகிறார், பயிர் மாறுகிறது. போர்ஸோ மட்டும் அதே பக்கவாட்டு முகத்தோடு, அதே புன்னகையோடு எல்லா மாதத்திலும். விண்சக்கரமே அவருக்காகச் சுற்றுவதுபோல். வரைந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? கிழக்குச் சுவரை வரைந்த பிரான்செஸ்கோ தெல் கோஸ்ஸா 1470 மார்ச் 25-இல் போர்ஸோவுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. அடிக்குப் பத்து பொலொஞ்ஞீனிக் காசு என்று எல்லாருக்கும் ஒரே கூலியா, என்னை இந்த ஊரின் மட்டமான எடுபிடிப் பையனோடு சேர்த்து எடைபோடுகிறீர்களே என்று மன்றாடுகிறார். கூலி ஏறவில்லை. அவர் மூட்டை கட்டிக்கொண்டு பொலோஞ்ஞாவுக்குப் போனார். போர்ஸோ மறு ஆண்டு ஏப்ரலில் ஃபெராராக் கோமகன் பட்டம் வாங்கி ஆகஸ்டில் இறந்தார். பிற்பாடு மாளிகை புகையிலை ஆலையானது, மாதங்கள்மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் சுரண்டி எடுத்தபோது ஓரளவு தேறியவை ஏழு மாதங்கள்.

கடைசியாக ஒரு சின்னப் படம், லண்டன் தேசியக் காட்சியகத்திலேயே, ப்ரோன்ஸினோவைப் பார்க்கப் போகிறவர்கள் தவறவிடக்கூடாதது. டிஷியன் கிழவயதில், 1550-க்கும் 1565-க்கும் இடையில் வரைந்த 'விவேகம்'. மூன்று தலைகள். இடப்பக்கம் இருட்டுக்குள் பாதி மறைந்த கிழவர், நடுவில் நேரே பார்க்கும் தாடிக்காரர், வலப்பக்கம் வெளிச்சத்தில் இளைஞன். அவற்றுக்குக் கீழே ஓநாய், சிங்கம், நாய். மேலே லத்தீனில், தலைக்கொரு துண்டாக: 'கடந்ததிலிருந்து கற்று, நிகழ்காலம் விவேகமாக நடக்கிறது, எதிர்காலச் செயல் கெடாமலிருக்க.' மூன்று மிருகமும் எகிப்தியக் கடவுள் செராப்பிஸின் காலடியில் இருந்தவை. பழைய ரோமானிய எழுத்தாளர் மாக்ரோபியஸ் விளக்கம் தருகிறார்: கடந்ததன் நினைவைக் கவ்விக்கொண்டு போவது ஓநாய், நிகழ்காலத்தின் வேகம் சிங்கம், நாளையைப் பற்றிய ஆசை வாலாட்டி நம்மைக் குழைக்கும் நாய்.

முகங்கள் யாருடையவை? கிழவர் டிஷியனே, நடுவில் மகன் ஒராஸியோ, இளைஞன் உறவுக்காரப் பையன் மார்க்கோ வெச்செல்லியோ என்றார் பானோஃப்ஸ்கி. தன் அரசாங்க வருமானத்தை ஒராஸியோவுக்கு மாற்றிவைத்த சமயத்தோடு இதைச் சேர்த்துப் பார்த்தார். பத்திரங்கள் வைத்த சுவர்ப்பெட்டிக்கு மூடியாக இருந்திருக்கலாம் என்றுகூட ஊகித்தார். எல்லாரும் இதை ஒப்புவதில்லை. பட்டறை ஆட்களின் கைவேலை இதில் நிறைய என்பவர்களும் உண்டு. கிழவர் முகம் டிஷியனின் தன்னுருவப் படங்களோடு எனக்குப் பொருந்தித்தான் வருகிறது.

1576-இல் வெனிஸில் கொள்ளைநோய். ஆகஸ்ட் 27-இல் டிஷியன் இறந்தார். அந்தக் கொள்ளைநோயில் ஒராஸியோவும் போனார். பூட்டிக் கிடந்த வீட்டில் திருடர்கள் புகுந்தார்கள். எல்லாம் கடைசியில் மூத்த மகன் பொம்போனியோ கைக்கு வந்தது. தகப்பனோடு ஒத்துவராத பாதிரியார். படத்தில் அவர் முகம் இல்லை. 1581-இல் வீட்டைச் சாமான்களோடு கிறிஸ்தோபரோ பர்பரிகோ என்பவருக்கு விற்றார். வலப்பக்கத்து மார்க்கோ 1611 வரை வெனிஸில் ஓவியம் வரைந்துகொண்டிருந்தார்.